40 கேபி கேமுக்கு எதுக்கு இவ்ளோ பாடு? பழைய கேம் கேசட் சேர்க்கிறவங்க பண்றது உண்மைல என்ன

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் மொத்தமே 40 கேபி தான். புரோகிராமுக்கு 32 கேபி, படத்துக்கு 8 கேபி, அவ்ளோதான். காலைல வாட்ஸ்அப்ல வந்து விழுற குட்மார்னிங் படம் கூட இதவிட பெருசா இருக்கும். போன்ல ஒரு எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரி நடிச்சு அதோட கேம ஓட்டுற ஆப்) போட்டா ரெண்டே நிமிஷத்துல ஆட ஆரம்பிச்சிடலாம். அப்படி இருக்கறப்போ அதே கேமோட சாம்பல் கலர் கேசட்டுக்காக ராத்திரி முழுக்க ஏலத்துல உக்காந்து, ஜப்பான்லேருந்தோ அமெரிக்காலேருந்தோ வரவழைச்சு, கஸ்டம்ஸ்ல டியூட்டி கட்டி, வந்ததும் அத ஸ்க்ரூ கழட்டி தொறந்து சுத்தம் பண்ணி, அத ஓட்டுறதுக்குன்னே ஒரு பழைய பெட்டி டிவியயும் தேடிப் பிடிச்சு வீட்டுக்குள்ள கொண்டு வந்து வைக்கிற ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க. கின்னஸ்ல பேர் வாங்குன அமெரிக்க கலெக்டர் ஒருத்தர்கிட்ட 20,000-க்கும் மேல கேம் இருக்கு.

எதுக்குன்னு கேட்டா எல்லாரும் சட்டுனு சொல்ற பதில் "சின்ன வயசு ஞாபகம்". அது இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. நின்டெண்டோ கம்பெனியோட ஃபேமிகாம் கேம் மெஷின் ஜப்பான்ல 1983 ஜூலை 15 அன்னைக்கு வந்துச்சு, அதோட அமெரிக்க வடிவம் என்இஎஸ் 1985-ல வந்துச்சு, அத ஆடி வளந்த பிள்ளைங்களுக்கு இப்போ 40, 45 வயசு, கைல காசு இருக்கு, அப்போ அப்பா வாங்கித் தராதத இப்போ தானே வாங்கிக்கிறாங்க. ஆனா ஞாபகம் மட்டும் தான் காரணம்னா பத்து கேம் வாங்குனதும் ஆசை அடங்கிடணும், அடங்குறதில்ல. 1995-க்கு அப்புறம் பொறந்த பசங்க, அந்த மெஷின பாத்தே இல்லாதவங்க, இன்னைக்கு இதுக்குள்ள வர்றாங்க, அவங்களுக்கு எந்த ஞாபகம்? என் அனுபவத்துல இந்த ஹாபிய உயிரோட வச்சிருக்கறது வேற ஒண்ணு. இந்தப் பொருள் எல்லாம் தன்னால செத்துட்டே இருக்கு, யாராவது பாத்துக்கிட்டா தான் நிக்கும். வாங்குறதவிட பாத்துக்கறதுல தான் ஒரு நல்ல கலெக்டரோட நேரம் முக்கால்வாசி போகுது. அதப் பத்தி தான் இங்க எழுதப் போறேன், முதல்ல கொஞ்சம் அடிப்படை.

கலெக்டர்ங்க பேச்சுல மூணு நிலை உண்டு. லூஸ்னா வெறும் கேசட். சிஐபின்னா பொட்டி, மேனுவல், கேசட் மூணும் சேந்தது. சீல்டுன்னா கடைல இருந்த பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காதது. ஒரே கேமுக்கு இந்த மூணு நிலைலயும் விலை எங்கேயோ எங்கேயோ இருக்கும். காரணம் ரொம்ப சாதாரணம். நின்டெண்டோ தன்னோட கேசட்ட அட்டைப் பொட்டில போட்டு வித்துச்சு, பிள்ளைங்க முதல் நாளே அத கிழிச்சுப் போட்டுட்டாங்க. சேகாங்கற இன்னொரு கம்பெனியோட மெகா டிரைவ் மெஷினுக்கான கேசட் கெட்டியான பிளாஸ்டிக் கேஸ்ல வந்ததால பொட்டியோட இன்னைக்கும் நிறைய கெடைக்குது. நின்டெண்டோ 64 கேம் பலதுல கேசட்ட விட காலி அட்டைப் பொட்டிக்கு விலை ஜாஸ்தி, தூக்கிப் போட்டது தான் இன்னைக்கு அரிதா ஆகி நிக்குது.

ஒரு கேம் எப்படி அரிதாகுதுன்னு பாக்க ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்ங்கிற கேம் நல்ல உதாரணம். பண்டாய் கம்பெனி 1987-ல கொண்டு வந்தது, தரைல விரிக்கிற பாய் மேல ஏறி நின்னு ஓடுனா திரைல இருக்கற ஆளும் ஓடுவான். அந்தப் பாய நின்டெண்டோ தன் கைக்கு எடுத்துக்கிட்டு பவர் பேட்னு பேர் மாத்திச்சு, கேம 1988-ல வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட்னு பேர் மாத்தி வித்துச்சு, கடைல இருந்த பழைய பேர் போட்ட காப்பி எல்லாம் திரும்பப் போயிடுச்சு. ஆடிப் பாத்தா ரெண்டும் ஒரே கேம் தான். புதுப் பேர்ல இருக்கறது சாப்பாட்டுச் செலவுக்கு கெடைக்கும், பழைய பேர்ல இருக்கறதுக்கு ஒரு கார் விலை ஆகும்.

இன்னொண்ணு நின்டெண்டோ வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ஸ் 1990. அமெரிக்கால ஊர் ஊரா நடத்துன போட்டிக்குன்னே செஞ்ச கேசட். மாரியோ, ராட் ரேசர், டெட்ரிஸ் மூணும் ஒண்ணுல, மொத்தம் 6 நிமிஷம் 21 நொடி, அதுக்குள்ள எவ்ளோ பாயின்ட் எடுக்குறீங்கன்றது தான் போட்டி. கேசட் முன்பக்கமே ஒரு ஓட்டை போட்டு சின்னச் சின்ன சுவிட்ச் வரிசை வச்சிருப்பாங்க, நேரத்த மாத்த. இறுதிச் சுற்றுக்கு வந்தவங்களுக்கு சாம்பல் கலர்ல 90, பத்திரிகைப் போட்டில ஜெயிச்சவங்களுக்கு தங்க கலர்ல 26, அவ்ளோதான் வெளில போச்சு. கலெக்டர்ங்க உலகத்துல இதுக்கு இருக்கற மரியாதையே தனி.

அப்புறம் லிஸ்ட். அமெரிக்கால நின்டெண்டோ அனுமதியோட வந்த என்இஎஸ் கேம் 680-ஐ ஒட்டி வரும். எண்ணி முடிக்கக்கூடிய ஒரு எண்ணிக்கை, அதனால முழு செட் சேர்க்கணும்ங்கற வெறி வருது. முழு செட்டுக்குப் போறவங்கள நிறைய பேர் கிண்டல் பண்றாங்க, யாருமே ஆடாத பேஸ்பால் கேமையும் குழந்தைங்க படிப்பு கேமையும் வாங்கி அடுக்கிறாங்கன்னு. எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை இருக்கு. அந்த மாதிரி கேமோட மேனுவல ஸ்கேன் பண்ணி வச்சது அவங்க, எந்த காப்பில லேபிள் மாறியிருக்கு, எதுல போர்டு மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சது அவங்க. ஆரம்ப கால என்இஎஸ் கேசட்ல ஸ்க்ரூ அஞ்சு இருக்கும், அப்புறம் வந்ததுல மூணு. ஜைரோமைட்னு ஒரு கேம், அதுல சில காப்பிய கைல எடுத்தா கொஞ்சம் கனமா தெரியும், தொறந்தா உள்ள ஜப்பான் ஃபேமிகாம் போர்டும் அத அமெரிக்க மெஷினுக்கு மாத்துற அடாப்டரும் இருக்கும், 60 பின்ன 72 பின்னா மாத்துறது. அவசரத்துல கைல இருந்த ஜப்பான் போர்ட வச்சே அமெரிக்க கேசட் செஞ்சிருக்காங்கன்னு அந்த கனத்துலேருந்து தெரிய வருது. 40 கேபி ஃபைல்ல இந்த விஷயம் எதுவுமே வராது.

ஆடுற விதமும் அப்படித்தான். டக் ஹன்ட் எல்லாருக்கும் தெரியும், துப்பாக்கியால வாத்து சுடுற கேம். டிரிக்கர அமுக்குனதும் திரை ஒரு கணம் கருப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி முனைல இருக்கற சென்சார் அந்த வெளிச்சத்த பாத்துச்சுன்னா அடி விழுந்துச்சுன்னு கணக்கு. பெட்டி டிவில அந்த வெள்ளைக் கட்டம் சொன்ன நேரத்துக்கு வரும், எல்சிடி டிவி படத்த வாங்கி சரிபண்ணி கொஞ்சம் தாமதமா காட்டும், அதனால இன்னைக்கு டிவில அந்த ஒரிஜினல் துப்பாக்கி வேலையே செய்யாது. கேசட் இருக்கு, மெஷின் இருக்கு, துப்பாக்கியும் இருக்கு, டிவி இல்லன்னா அந்த கேம் இல்ல. அதான் பழைய டிவி வேட்டை. நம்மூர்ல 2006-க்கு அப்புறம் தமிழ்நாடு அரசு வீடு வீடா குடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி ஞாபகம் இருக்கா, அது எல்லாம் இப்போ பழைய இரும்புக் கடைல கெடக்கு, அதுல நல்லா ஓடுற ஒண்ணு மாட்டுச்சுன்னா விடாதீங்க.

இப்போ காசு விஷயத்துக்கு வரேன், இத பேசாம இருக்க முடியாது.

2019 ஆரம்பத்துல சீல் பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1,00,150 டாலருக்கு போச்சு. அதுக்கு முன்னாடி இந்த ஹாபில அப்படி ஒரு விலைய யாரும் கேள்விப்பட்டதில்ல. அப்புறம் கொரோனா வந்து எல்லாரும் வீட்ல உக்காந்தாங்க, விலை ஏற ஆரம்பிச்சுது. 2021 ஏப்ரல்ல இன்னொரு மாரியோ 6,60,000 டாலர். அதே வருஷம் ஜூலைல லெஜண்ட் ஆஃப் செல்டா 8,70,000 டாலர், ரெண்டு நாள் கழிச்சு சூப்பர் மாரியோ 64 ஒரு காப்பி 15,60,000 டாலர். ஆகஸ்ட்ல மறுபடி ஒரு மாரியோ 20 லட்சம் டாலர். இதுல மாரியோ 64 ஒண்ண மட்டும் எடுத்துக்கோங்க, அது ஒரு கோடி காப்பிக்கு மேல வித்த கேம், உலகத்துல எங்க பாத்தாலும் கெடைக்கும். அந்த விலை கேமுக்கு இல்ல, பொட்டி ஓரத்துல ஒரு மடிப்பு கூட விழலன்னு ஒரு கிரேடிங் கம்பெனி குடுத்த 9.8 மார்க்குக்கு. கிரேடிங்னா கேம பரிசோதிச்சு மார்க் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் டப்பாக்குள்ள வச்சு மூடி அனுப்பிடுவாங்க, அப்புறம் யாரும் தொடக் கூடாது. இந்த விலையேத்தம் தானா வந்ததா இல்ல ஏத்திவிட்டதாங்கற கேள்வி அந்த வருஷமே பெருசா கிளம்பி, அடுத்த வருஷம் அமெரிக்கால கோர்ட் வரைக்கும் போச்சு.

இந்த சீல்டு வியாபாரம் மேல எனக்கு இருக்கற வருத்தம் வேற. அந்த 8,70,000 டாலர் செல்டா இருக்கே, என்இஎஸ்ல பேட்டரி வச்சு சேவ் பண்ற முதல் கேம் அது. உள்ள ஒரு பட்டன் பேட்டரி இருக்கு, 1987-லேருந்து அது அந்த போர்டுலயே தான் இருக்கு. அது இப்போ காலியா, வீங்கியிருக்கா, கசிஞ்சு போர்ட அரிக்குதா, யாருக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கணும்னா பிரிக்கணும், பிரிச்சா விலை போச்சு. பொருள் நல்லா இருக்கணும்னு நினைக்கிறவன் அத தொறந்து பாத்தே ஆகணும், விலை நல்லா இருக்கணும்னு நினைக்கிறவன் தொறக்கவே கூடாது. இந்த ரெண்டு பேரையும் கலெக்டர்னு ஒரே பேர்ல கூப்பிடுறது எனக்கு சரியா படல. அந்த விலைச் செய்தி எல்லாம் வந்து, சாதாரணமா ஆடுறதுக்கு வாங்குற லூஸ் கேசட் வரைக்கும் விலை ஏத்தி விட்டுச்சு, மாசச் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா சேத்துட்டு இருந்தவங்க பல பேர் அப்போ தான் நிறுத்துனாங்க.

தொறந்து பாக்குறவங்க என்ன பண்றாங்கன்னு இப்போ சொல்றேன்.

பேட்டரில ஆரம்பிப்போம். கேம் இருக்கறது ரோம் சிப்ல, அது கரண்ட் இல்லாமலே பல வருஷம் நிக்கும். நீங்க விளையாடி சேவ் பண்றது வேற ஒரு சின்ன ராம் சிப்ல, அதுக்கு எப்பவும் துளி கரண்ட் போயிட்டே இருக்கணும், அதத் தான் அந்த பட்டன் பேட்டரி குடுக்குது. பேட்டரி செத்தா கேம் ஓடும், சேவ் நிக்காது. போக்கிமான் கோல்ட், சில்வர் கேசட்ல கேமுக்குள்ள ஒரு கடிகாரமும் ஓடுது, ராத்திரி பகல் எல்லாம் வரும், அந்தக் கடிகாரம் பேட்டரிய குடிச்சிடும், அதனால அதுக்கு முன்னாடி வந்த ரெட், புளூ கேசட்ட விட இது சீக்கிரமே சாகுது. ரூபி, சஃபையர் வந்தப்போ சேவ் ஃப்ளாஷ் மெமரிக்கு போயிடுச்சு, பேட்டரி செத்தாலும் கடிகாரம் மட்டும் நிக்கும், சேவ் அப்படியே இருக்கும்.

என்கிட்ட ஜப்பான்லேருந்து ஒரு போக்கிமான் கிரீன் கேசட் வந்துச்சு, அமெரிக்காக்கு போகாத பதிப்பு, 1996-ல அங்க வந்தது. போட்டுப் பாத்தா பழைய சேவ் உசுரோட இருக்கு. யாரோ ஒரு பிள்ளை கடகனாங்கற ஜப்பான் எழுத்துல பேர் வச்சு, ஆரம்பத்துல குடுக்கற அந்த மூணு போக்கிமான்ல தவளை மாதிரி இருக்கறதத் தேர்ந்தெடுத்து, கடைசி வரைக்கும் அத ஒண்ண மட்டுமே வளத்து, மத்த அஞ்சையும் சும்மா பேருக்கு கூட வச்சிட்டு ஆடியிருக்கு. சின்னப் பிள்ளைங்க எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஆடும், நானும் அப்படித்தான் ஆடுனேன். இப்போ அந்த பேட்டரிய மாத்தணும்னா சேவ் போயிடும். அதனால முதல்ல கேசட்ட யூஎஸ்பி ரீடர்ல சொருகி சேவ ஃபைலா எடுத்து வச்சுக்கணும். அப்புறம் கேம்பிட் ஸ்க்ரூடிரைவர், நின்டெண்டோ ஸ்க்ரூ நம்மூர் ஸ்டார் ஸ்க்ரூ இல்ல, கேசட்டுக்கு 3.8 மில்லிமீட்டர் முனை வேணும். தொறந்தா பேட்டரி மேலயும் கீழயும் மெல்லிசு தகடு ஸ்பாட் வெல்டிங் பண்ணி போர்டுல சால்டர் ஆகியிருக்கும். கடைல விக்கிற வாட்ச் பேட்டரிய வாங்கி நேரா சால்டர் வைக்கக் கூடாது, லித்தியம், சூடு பட்டா வெடிக்கும், தகடு வச்சதா கேட்டு வாங்கணும். பழசக் கழட்டி, புதுச பிளஸ் மைனஸ் பாத்து வச்சு, சால்டர் ஆறுனதும் அந்த ஃபைல திரும்ப ஏத்துனா அந்தப் பிள்ளையோட தவளை மறுபடி வந்து நிக்கும். இதுக்கு சந்தை விலைல ஒரு பைசா மதிப்பு கெடையாது, சில பேர் பேட்டரி மாத்துன கேசட்ட ஒரிஜினாலிட்டி போச்சுன்னு விலை கொறச்சு கூட கேப்பாங்க. எனக்கு இந்த ஹாபில இதவிட பெரிய சந்தோஷம் வேற இல்ல.

அடுத்தது பின். கேசட் ஓடலன்னா எடுத்து ஊதிப் போடுறது, உலகம் பூரா எல்லாப் பிள்ளையும் பண்ணது. ஊதுனதால ஓடல, எடுத்து திரும்ப சொருகுனதால தான் ஓடுச்சு. ஊதுறப்போ வர்ற எச்சில் ஈரம் செம்புப் பின்ன அரிக்குது. அமெரிக்க என்இஎஸ்ல விசிஆர் மாதிரி கேசட்ட உள்ள தள்ளி கீழ அமுக்கணும், அந்த கனெக்டர் சீக்கிரம் தளர்ந்திடும், கூடவே ஒரு பூட்டு சிப் இருக்கு, கேசட்ல இருக்கற சிப்போட பேச முடியலன்னா மெஷின திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணும், அதான் அந்த சிவப்பு லைட் விட்டு விட்டு எரியறது. இப்போ எல்லாரும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட இயர்பட்ல தொடைக்கிறாங்க, கருப்பா அழுக்கு வரும், பாக்கவே திருப்தியா இருக்கும்.

மெஷினுக்கு வேற வியாதி. சேகாவோட கேம் கியர்ங்கற கைல வச்சு ஆடுற மெஷின்ல இருக்கற சின்ன கெபாசிட்டர் எல்லாம் கசிஞ்சிடும், சத்தம் போகும், அப்புறம் படம் மங்கும், இன்னைக்கு கெபாசிட்டர் மாத்தாம ஒழுங்கா ஓடுற கேம் கியர் கெடைக்கறது கஷ்டம். வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகறது இன்னொண்ணு. தீப்பிடிக்காம இருக்க பிளாஸ்டிக்ல கலந்த புரோமினும் வெயிலும் சேந்து பண்ற வேலைன்னு சொல்றாங்க, ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயில்ல வச்சா திரும்ப வெளுக்கும், நம்ம வெயிலுக்கு மளமளன்னு வேலை ஆகும், ஆனா தடவுனது காயாம பாத்துக்கணும், காஞ்சா திட்டுத் திட்டா நிக்கும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல இருக்கறவங்களுக்கு பெரிய எதிரி ஈரக்காத்து, மேனுவல்ல பூஞ்சை வந்துச்சுன்னா பக்கத்துல இருக்கறதுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் போட்ட ஏர்டைட் டப்பா, அவ்ளோதான் மருந்து.

போலி பத்தியும் கொஞ்சம். கேம்பாய் அட்வான்ஸ் போக்கிமான்ல போலி கொட்டிக் கெடக்கு, ஆன்லைன்ல மலிவா வர்றதுல பெரும்பாலும் போலி தான். ஒரிஜினல் லேபிள சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தா ரெண்டு இலக்க எண் ஒண்ணு அச்சா அழுந்தியிருக்கும், கலர்ல இருக்காது. கீழ பின் இருக்கற எடத்துக்கு மேல போர்டுல நின்டெண்டோ பேர் தெரியும், பின்பக்கம் மூணு கால் ஸ்க்ரூ இருக்கும். இந்த மூணும் இருந்தா ஓரளவு நம்பலாம். காசு ஜாஸ்தி குடுக்கறதா இருந்தா தொறந்து போர்டு போட்டோ கேளுங்க, குடுக்க மாட்டேன்னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க.

சரி, இதெல்லாம் கம்பெனிங்களே பாத்துக்கலாமேன்னு கேக்கலாம். 2023 ஜூலைல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அமெரிக்கால 2010-க்கு முன்னாடி வந்த கேம்ல 87 சதவீதம் இன்னைக்கு எந்தக் கடைலயும் காசு குடுத்து வாங்க முடியாதுன்னு. அதாவது நூத்துல 87 கேமுக்கு, பழைய கேசட்டோ சிடியோ யார் கைலயாவது இருக்கணும், இல்லன்னா அனுமதி இல்லாம இறக்கணும். லைப்ரரிங்க இந்த கேம ஆராய்ச்சி பண்றவங்களுக்கு தூரத்துலேருந்து பாக்கக் குடுக்க சட்டத்துல விலக்கு கேட்டாங்க, 2024 அக்டோபர்ல அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ் முடியாதுன்னு சொல்லிடுச்சு. சேகாவோட பான்சர் டிராகூன் சாகா மாதிரி பேர் போன கேமுக்கே சோர்ஸ் கோட் தொலைஞ்சு போச்சு, 1998-ல வித்த அந்த டிஸ்க் தான் இப்போ மிச்சம்.

கலெக்டர் கைல இருந்து ஒரு கேம் திரும்ப வந்த கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். மதர்னு ஒரு ஃபேமிகாம் கேம், 1989 ஜப்பான். அமெரிக்காக்காக இங்கிலீஷ்ல முழுசா மொழிபெயர்த்து முடிச்சிட்டாங்க, பேரும் எர்த்பவுண்ட்னு வச்சாச்சு, கடைசில வியாபாரம் ஆகாதுன்னு நிறுத்திட்டாங்க. டெஸ்டிங்குக்கு செஞ்ச புரோட்டோடைப் கேசட் ஒண்ணு சுத்தி சுத்தி 1998-ல ரசிகர்கள் கைக்கு வந்துச்சு, அவங்க அதுலேருந்து ரோம எடுத்து இன்டர்நெட்ல விட்டாங்க. அதுக்கு 17 வருஷம் கழிச்சு, 2015-ல நின்டெண்டோவே அந்த இங்கிலீஷ் கேம தன்னோட வீ யூ மெஷினுக்கான ஆன்லைன் கடைல விலைக்கு விட்டாங்க. அந்த வீ யூ கடையும் 2023 மார்ச் 27 அன்னைக்கு மூடியாச்சு. அன்னைக்கே 3டிஎஸ் கடையும் போச்சு, அதுல மட்டும் வந்த நூத்துக்கணக்கான கேம புதுசா வாங்க இப்போ வழியே இல்ல.

டிஜிட்டல்ல வாங்குனது எவ்ளோ நாள் நம்மள்தா இருக்கும்ங்கறது இப்போ பெரிய கேள்வி. கொனாமியோட பிடின்னு ஒரு பேய் கேம், 2014 ஆகஸ்ட்ல பிஎஸ்4-ல ஓசில குடுத்தாங்க, அடுத்த வருஷம் எடுத்துட்டாங்க, திரும்ப டவுன்லோட் பண்ணக் கூட முடியாது, அத அழிக்காம வச்சிருந்த பிஎஸ்4 மெஷின அப்படியே கூடுதல் விலைக்கு வித்தாங்க. யூபிசாஃப்ட் கம்பெனியோட தி க்ரூங்கற கேமுக்கு 2024 மார்ச் 31-ல சர்வர நிறுத்துனதும் டிஸ்க் வச்சிருந்தவங்களுக்கும் கேம் போச்சு. அதுலேருந்து தான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்னு ஒரு இயக்கமே கிளம்பி ஐரோப்பால பத்து லட்சத்துக்கும் மேல கையெழுத்து வாங்குச்சு. 2025-ல வந்த ஸ்விட்ச் 2-ல சில கேம் கார்டுல கேமே இருக்காது, சாவி மட்டும் தான், சொருகுனா டவுன்லோட் பண்ணிக்கணும். இருபது வருஷம் கழிச்சு அந்த கார்ட வாங்குறவனுக்கு என்ன கெடைக்கும்னு யோசிச்சா வயித்தப் பிசையுது. 1985 கேசட்ட இன்னைக்கும் சொருகுனா ஓடுது, அந்த ஒரு காரணத்துக்காகவே நான் கேசட் பக்கம்.

நம்ம ஊர் விஷயம் இன்னும் மோசம், ஏன்னா நமக்கு லிஸ்ட்டே கெடையாது. 90-கள்ல தமிழ்நாட்டுல பெரும்பாலான வீட்ல இருந்தது ஒரிஜினல் நின்டெண்டோ இல்ல, டிவி கேம்னு சொல்லி வித்த குளோன் மெஷின். மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர்னு பல பேர். பர்மா பஜார்லயும் ரிச்சி ஸ்ட்ரீட்லயும் கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்சிருப்பாங்க, கூடவே மஞ்ச கலர், ஆரஞ்சு கலர் கேசட், 64 இன் 1, 9999999 இன் 1. போட்டுப் பாத்தா கான்ட்ரா, மாரியோ, டக் ஹன்ட்னு கையளவு கேம் தான் இருக்கும், மிச்சமெல்லாம் அதே கேம வேற லெவல்லேருந்து ஆரம்பிக்கும். நமக்கு அது தான் ஒரிஜினல், அதுல தான் நாம வளந்தோம். ரஷ்யால இதே மாதிரி டென்டி, போலந்துல பெகாசஸ், அந்த ஊர் ரசிகர்ங்க எந்த மெஷின் எந்த வருஷம் வந்துச்சு, எந்தக் கேசட்ல எந்த கேம் இருக்குன்னு உக்காந்து பட்டியல் போட்டிருக்காங்க. நம்ம பக்கம் அது அங்கங்க துண்டு துண்டா தான் நடக்குது.

அந்தக் கேசட்ட பாதுகாக்கறதும் லேசுப்பட்ட வேலை இல்ல. தொறந்தா சிப்புன்னு ஒண்ணு தெரியாது, போர்டு மேல கருப்பு எபாக்ஸி உருண்டை ஒண்ணு உக்காந்திருக்கும், அதுக்குள்ள எல்லாம், பேரோ எண்ணோ எதுவும் இல்ல. என்இஎஸ் புராசசர் ஒரு நேரத்துல கேசட்டோட 32 கேபி புரோகிராம தான் பாக்கும், அதவிட பெரிய கேசட்னா பகுதி பகுதியா மாத்திக் காட்ட மேப்பர்னு ஒரு சர்க்யூட் வேணும். ஒரிஜினல் கேம்ல இருக்கற மேப்பர் எல்லாம் ஆராய்ஞ்சு முடிச்சாச்சு. இந்த பல கேம் கேசட் செஞ்சவங்க ஒவ்வொருத்தரும் தனக்குன்னு ஒரு மேப்பர் போட்டிருக்காங்க, அதனால ஒவ்வொரு கேசட்டயும் யாராவது தனியா உக்காந்து கண்டுபிடிச்சு எமுலேட்டர்ல சேத்தா தான் அது ஓடும். சேக்குறாங்க, உலகத்துல எங்கெங்கயோ இருக்கற ஆளுங்க சம்பளம் இல்லாம சேக்குறாங்க, அவங்க கைக்கு நம்ம ஊர் கேசட் போய்ச் சேரணும்.

பிஎஸ்2-லயும் நமக்கு ஒரு பங்கு உண்டு. 2009-ல ஹனுமான் பாய் வாரியர்னு ஒரு கேம் வந்துச்சு, ஹைதராபாத்ல செஞ்சது, அப்புறம் கில்லி தாண்டா, கபடி எல்லாம் வச்ச தேசி அட்டா, அப்புறம் ஸ்ட்ரீட் கிரிக்கெட். இதெல்லாம் இந்தியாக்குன்னே வந்த டிஸ்க். நாம அப்போ காப்பி டிஸ்க் ஓடுறதுக்காக சிப் போட்ட மெஷின்ல 50 ரூபா காப்பி டிவிடி ஆடிட்டு இருந்தோம், இத ஒரிஜினலா வாங்குனவங்க கம்மி. பிஎஸ்2 முழு செட் சேர்க்கிற வெளிநாட்டு கலெக்டர்ங்க இன்னைக்கு இத வலைவீசித் தேடுறாங்க, நம்மகிட்ட கேட்டா அப்படி ஒரு கேம் வந்துச்சான்னு திருப்பிக் கேக்குறோம்.

உங்க வீட்டுப் பரண்ல டிவி கேம் இருந்தா இதச் செய்யுங்க. எடுத்ததும் பழைய அடாப்டர சொருகிடாதீங்க, மெஷின் கீழ எழுதியிருக்கற வோல்டேஜும் பிளஸ் மைனசும் அடாப்டரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க, அந்தக் கால அடாப்டர்ல சொன்ன வோல்டேஜ் வர்றதே அபூர்வம். கேசட் லேபிள வெயில் இல்லாத வெளிச்சத்துல போட்டோ எடுங்க. முடிஞ்சா தொறந்து போர்டு முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும். ஓடுச்சுன்னா மெனுவ முதல்லேருந்து கடைசி வரைக்கும் ஓட்டி ஒரு வீடியோ, அதுல வர்ற பாட்டு கூட முக்கியம், எந்த கேசட்லேருந்து எது காப்பி ஆச்சுன்னு அத வச்சும் கண்டுபிடிக்கிறாங்க. பொட்டி, கேரண்டி அட்டை, பில்லு இருந்தா ஸ்கேன் பண்ணி இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஏத்தி ஊர் பேரையும் வாங்குன வருஷத்தையும் தமிழ்லயே எழுதிடுங்க. பொட்டி மேல கடைக்காரர் ஒட்டுன விலை ஸ்டிக்கர் இருந்தா அசிங்கமா இருக்குன்னு உரிச்சிடாதீங்க, எந்தக் கடைல எவ்ளோ ரூபாய்க்கு வித்துச்சுங்கறதுக்கு இப்போதைக்கு அது ஒண்ணு தான் ஆதாரம்.